மட்டை கட்டித் தந்த அக்கா

அவரிடமிருந்து எனக்கு வந்த முதல் போன் ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தது. ஆபீஸ் கேன்டீனில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் கட்டிக் கொடுத்த கோல்ஃப் மட்டைகளை வீட்டுக்கு எடுத்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"மேடம், குச்சி கட்டிக் குடுத்தேனே, அந்தம்மா பேசறேன். உங்க ஏழாம் நம்பர் குச்சில தப்பு பண்ணிட்டேன்."

என்ன தப்பு என்று கேட்டேன்.

"உங்க குச்சிங்க எல்லாத்துக்கும் தலைய ரெண்டு டிகிரி படுக்க வெச்சேன் இல்ல? ஏழாம் நம்பர மட்டும் வுட்டுட்டேன். அத்த வெச்சுத் தான் உங்கள அளவு பாத்தோம், கையிலயே இருந்துச்சு, அதான் முடிஞ்ச கணக்குல சேந்துடுச்சு. இன்னிக்கு நோட்டப் பொரட்டசொல்ல பாக்கறேன், அதுக்கு நேரா டிக்கே இல்ல. அந்தக் குச்சில அடிச்சா பந்து இடது பக்கமா போய்க்கினு இருக்குமே?"

போய்க்கொண்டுதான் இருந்தது. மூன்று வாரமாக ஏழாம் நம்பரை எடுத்தால் பந்து பயிற்சி மைதானத்தின் இடது பக்கத்து வலையில் போய் மோதும். நான் அதற்குக் காரணம் தேடவே இல்லை. காரணம்தான் என் தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்ததே.

"என் கையாலதான்னு நெனச்சேன்," என்றேன்.

"அப்டிதான் நெனப்பீங்கன்னு தெரியும். அதான் சாப்பாட்டு நேரம்னு கூடப் பாக்காம போன் பண்ணேன். உங்க கை மேல ஒண்ணும் தப்பு இல்ல. சாயங்காலம் எட்துகினு வாங்க."

என் கை மேல் தப்பு இல்லை என்று அதுவரை யாரும் எனக்குப் போன் செய்து சொன்னதில்லை.

ஏழு வயதில் மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விழுந்து இடது முழங்கையை உடைத்துக்கொண்டேன். எலும்பு கூடியது, கை நேராகவில்லை. டிபன் கேரியரைத் தூக்கிப் பிடித்திருக்கிற மாதிரி எப்போதும் கொஞ்சம் மடங்கியே நிற்கும். வலி கிடையாது. எழுதலாம், சமைக்கலாம், ஸ்கூட்டர் ஓட்டலாம். போட்டோ எடுக்கும்போது மட்டும் யாராவது, "கையை நேரா வைம்மா" என்பார்கள். அம்மா உடனே, "அவளுக்கு அது வராது" என்பாள். என் கல்யாண போட்டோக்களில் அந்தக் கைக்குக் கீழே எப்போதும் ஒரு பூச்செண்டு இருக்கும்.

நந்தனத்தில் என் இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் பக்கத்தில் கோல்ஃப் பயிற்சி மைதானம் ஒன்று இருந்தது. ஆபீஸில் சிலர் சாயங்காலம் போய் ஒரு கூடைப் பந்தை அடித்துவிட்டு வருவார்கள். ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு அது பிடித்துப்போனது. மற்ற விளையாட்டுகளில் பந்து நம்மைத் தேடி வந்து அவசரப்படுத்தும். இதில் அது சும்மா தரையில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அங்கிருந்த பயிற்சியாளர் நிமிடத்துக்கு ஒரு தரம் இடது கையை நேராக வைக்கச் சொன்னார். வராது என்று நானும் நிமிடத்துக்கு ஒரு தரம் சொன்னேன். கடைசியில் அவரே சலித்துப்போய் ஒரு முகவரியை எழுதிக் கொடுத்தார்.

தி.நகர் முடிந்து நந்தனம் தொடங்குகிற இடத்தில் ஒரு சந்து. பழைய வீடு ஒன்றின் கார் ஷெட்டில் பட்டறை. காருக்குப் பதில் உள்ளே ஒரு நீள மேஜை, இரண்டு இடுக்கிப் பிடிகள், சுவரெல்லாம் ஆணியடித்துத் தொங்கவிட்ட இரும்புத் தலைகள், மூலையில் சாக்கில் கட்டிவைத்த தண்டுகள். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை எலாஸ்டிக் நாடாவால் பின்மண்டையில் கட்டிக்கொண்டு, ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி உப்புத்தாளால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். அவர்தான். வருகிறவர்கள் எல்லாரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவரைவிடப் பத்து வயது பெரியவர்கள்கூட.

கோல்ஃப் மட்டை என்பது மூன்று சாமான்தான். கீழே தலை, நடுவில் தண்டு, மேலே ரப்பர் பிடி. கடையில் வாங்கினால் சராசரி ஆளுக்கான அளவில் ஒட்டியே வரும். அக்கா மூன்றையும் தனித்தனியாக வாங்கி, ஆளுக்குத் தகுந்தபடி தண்டை வெட்டி, தலையை வளைத்து, எடை பார்த்து, பசை போட்டு ஒட்டுவார்.

என்னை நிற்க வைத்து மணிக்கட்டிலிருந்து தரைக்கு டேப் பிடித்தார். பிறகு இடது கையைப் பிடித்தார். இதோ, நேராக வை என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"ராத்திரில மதமதன்னு இருக்கா?"

"இல்லக்கா."

"அப்போ இது ஒடம்பு. ரிப்பேர் இல்ல," என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதத் தொடங்கினார். இடது கை மடங்கியிருப்பதால் எனக்குத் தண்டு முக்கால் அங்குலம் நீளமாக வேண்டும். நீளம் கூடினால் தலையின் நுனி தரையைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். அதனால் தலையைக் கொஞ்சம் படுக்க வைக்க வேண்டும். இடது கை பிடிக்கிற இடத்தில் ரப்பருக்கு அடியில் நான்கு சுற்று டேப் கூடுதலாகப் போட வேண்டும். இதையெல்லாம் மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி சொல்லிக்கொண்டே போனார். முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் பெருமூச்சோடு பேசப்பட்ட விஷயம், அந்த நோட்டில் நான்கு வரியில் அடங்கிவிட்டது.

தன் தப்பைத் தானே போன் செய்து சொல்வது அவருடைய வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. அதை அவர் மன்னிப்புக் கேட்கிற குரலில் செய்யமாட்டார். கரெண்ட் எப்போது வரும் என்று சொல்கிற மாதிரி சொல்வார். "உங்க பட்டர்ல, அதான் பந்த உருட்டற குச்சில, கிரிப் ஒரு நூலு திரும்பிக்கீது, வந்து மாத்திகினு போங்க." "மணல்ல அடிக்கற உங்க சாண்டு குச்சி ரெண்டு கிராம் எட கூட." பாதிப் பேருக்கு அது என்ன தப்பு என்றே புரியாது. அவர்கள் வரும்வரை அவர் விடவும் மாட்டார்.

பட்டறை வைப்பதற்கு முன்னால் அக்கா ஒரு அரசு ஆஸ்பத்திரியின் செயற்கைக் கால் பட்டறையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். மாவுக்கட்டில் அச்செடுப்பது, பிசின் ஊற்றுவது, குழாய் வெட்டுவது, போட்டுக்கொண்டு நடக்கிறவரின் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பின்னாலிருந்து பார்ப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். கோல்ஃப் ஆடுகிற ஒரு டாக்டர் தன் உடைந்த மட்டையை ஒட்டித் தரச் சொல்லிக் கொடுத்தார். அது அவருக்கு முன்பைவிட நன்றாக அமைந்துவிட்டது. அவர் இன்னொருவரை அனுப்பினார். பிறகு வரிசையாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

"கால் போட்டுக்க வர்றவங்க எல்லாத்துக்கும் சரின்னுடுவாங்க," என்றார் ஒருமுறை, தண்டின் நுனியைத் தேய்த்துக்கொண்டே. "தூரத்துலேர்ந்து வந்திருப்பாங்க. பஸ்ஸு போய்டும். இன்னொரு தரம் கயட்டி மாட்டச் சொல்ல வெக்கம். நல்லா கீதாம்மான்னு கேட்டா, நல்லா கீது, மகராசியா இருன்னு சொல்லிட்டுப் போய்டுவாங்க. ஒரு மாசம் கழிச்சு புண்ணோட வருவாங்க. அவங்க சொல்ல மாட்டாங்க. அப்போ யாரு சொல்றது?"

ஆட்டோ ஓட்டுகிற ஒருவருக்குக் காலைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டதாகச் சந்தேகம் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் வரை பஸ்ஸில் போய் அவர் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். போய்ப் பார்த்தால் கால் சரியாகவே இருந்திருக்கிறது. அந்த வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்போடு சாப்பாடு போட்டு அனுப்பினார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார்.

இந்தக் குணம் எனக்கு எப்போதும் உவப்பாக இருந்தது என்று சொல்ல முடியாது.

பெசன்ட் நகரில் ஒரு ரிட்டயர்ட் இன்ஜினியர் இருந்தார். அவருக்கு டிரைவர் எனப்படும் நீள மட்டையைக் கட்டும்போது, விறைப்பான தண்டுக்குப் பதில் ஒரு படி இளகிய தண்டைப் போட்டுவிட்டார் அக்கா. இரண்டிலும் ஒரே நிறப் பட்டை. அந்த மட்டையில் அவர் வாழ்க்கையிலேயே அடிக்காத தூரத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார். வாக்கிங் போகிறவர்களிடம்கூட அந்த மட்டையைப் பற்றிப் பேசினாராம். அந்த நேரத்தில் அக்கா போன் செய்து, நீங்கள் கேட்ட தண்டு அது இல்லை என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து அவருக்குப் பந்து நேராகப் போகவில்லை. தண்டை மாற்றிக் கொடுத்தும் போகவில்லை. பழையதையே திரும்பப் போட்டுக் கொடுத்தும் போகவில்லை. மூன்றாம் தடவை அவர் பட்டறை வாசலில் நின்று, "நீ சொல்லாம இருந்திருந்தா நான் நன்னா ஆடிண்டு இருந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

அன்று நானும் அங்கே இருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, அக்கா மேல்.

"ஏன்க்கா சொன்னீங்க? அவருக்குத் தெரியவே தெரியாது. சந்தோஷமா இருந்தாரு."

"ஆமா. நல்லாதான் போய்க்கினு இருந்துச்சு."

"அப்புறம் என்ன?"

"நீ சொல்றதும் கரீட்டு தான்," என்றார். முகம் வாடியிருந்தது. அன்று அதற்குமேல் வேலை ஓடவில்லை. அடுக்கியிருந்த தலைகளையே மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். சரி, இனிமேல் பார்த்துச் சொல்வார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே யாருக்கோ போன் செய்து அரை டிகிரி தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் மகள் ஒருமுறை பட்டறைக்கு வந்திருந்தபோது சொன்னாள். தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அக்கா, "பொண்ணு நல்லா சமைப்பா, ஆனா கோவம் வந்தா ரெண்டு நாளு பேசமாட்டா, காலைல எழுப்பறது கஷ்டம்" என்று காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாராம். மாப்பிள்ளையின் அம்மா, அப்படியா, எங்கள் பிள்ளையும் அப்படித்தான் என்று ஒரு பட்டியலை எடுத்திருக்கிறார். கல்யாணம் நடந்தது. "இன்னி வரைக்கும் எங்க ரெண்டு பேர் நடுவுல புதுசா கண்டுபிடிக்க ஒண்ணுமில்ல மேடம்," என்றாள் அவள்.

இதெல்லாம் எட்டு ஒன்பது வருஷத்துக்கு முந்தின சங்கதி. அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியபோது அக்கா பட்டறையைத் தன் வீட்டுப் பக்கம், பெரும்பாக்கத்துக்கு, கொண்டுபோய்விட்டார். ஆற்றோரக் குடிசையிலிருந்து அகற்றிய அவர்கள் குடும்பத்துக்கு அரசு அங்கேதான் வீடு ஒதுக்கியிருந்தது. நானும் வேறு கிளைக்கு மாறிப்போனேன். ஆடுவது குறைந்தது, அக்காவைப் பார்ப்பது நின்றது. ஆனால் பட்டறை அந்தச் சந்தில் இருந்த காலத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு நிமிடம் நிமிடமாக நினைவிருக்கிறது.

காலை ஏழு மணி இருக்கும். அம்மா வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. அதற்குள் அவர் என்னை மேடம் என்பதை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"எழுந்துட்டியா? ஒன் டிரைவர தொடாத. போன வாரம் குடுத்தேனே, அத்த. கையில எடுக்காத."

"ஏன்க்கா?"

"பசை புடிக்கல. தலை கழண்டுக்கும்."

தலையைத் தண்டோடு ஒட்டுவதற்கு இரண்டு டப்பாப் பசையைச் சரிபாதியாக எடை போட்டுக் கலக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மிச்சமான பசையை அவர் ஒரு பாட்டில் மூடியில் ஊற்றி, தேதி எழுதி ஜன்னலில் வைப்பார். அன்று காலை சீக்கிரம் வந்து பட்டறையைக் கூட்டும்போது ஒரு மூடியை எடுத்து நகத்தால் அழுத்தியிருக்கிறார். கல் மாதிரி இருக்க வேண்டியது. நகம் உள்ளே போனது. பக்கத்து மூடியிலும் போனது. எடை பார்க்கிற சின்ன மெஷினில் பேட்டரி தேய்ந்து, பத்து நாளாகத் தப்பாகக் காட்டியிருக்கிறது. அந்தப் பத்து நாளில் ஏழு பேருக்கு மட்டை கொடுத்திருந்தார்.

"அஞ்சு பேருக்குச் சொல்லிட்டேன். நீ ஆறாவது. அடையாறு பல் டாக்டர் எடுக்கல. வீட்டுக்குப் போட்டா அவரு வூட்டம்மா சொல்லுது, போட்டி ஆடப் போயிட்டாரு, போனக் கார்ல வெச்சுட்டுப் போயிடுவாருன்னு. அவருக்கு இரும்புக் குச்சி மொத்தமும் கட்டியிருக்கேன். வெள்ளிக்கிழம தான் எட்துகினு போனாரு. இன்னிக்கு தான் மொத தபா ஆடறாரு. கூட ஆளுங்க நிப்பாங்க. பஸ்ஸுக்கு நின்னா ஆவாது. வண்டி எட்துகினு வரியா?"

கால் கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புத் தலை. முழு வீச்சில் கழன்றால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் காப்பியை வைத்துவிட்டுக் கிளம்பினேன். "ஞாயித்துக்கிழமைகூட ஆத்துல இருக்கமாட்டியாடி" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டது காதில் விழுந்தது.

அக்கா சந்து முனையிலேயே நின்றுகொண்டிருந்தார். சட்டையைக் கழற்றக்கூட இல்லை. பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்தார். ஞாயிறு என்பதால் சாலை காலியாக இருந்தது. சிக்னலில் நின்றபோது, "யார் மேலயாவது பட்டிருந்தா இன்னா பண்ணுவேன்" என்றார். என்னிடம் கேட்ட மாதிரி தெரியவில்லை. விளக்கு பச்சையானதும் வண்டியை விரட்டினேன்.

போட்டி நடந்த கோல்ஃப் மைதானத்தின் வாசலில் காவலாளி எங்களை நிறுத்தினார். அவர் வேலை அது. மெம்பர் இல்லாதவர்கள், அதுவும் போட்டி நடக்கிற நாளில். எனக்குப் பதற்றத்தில் ஒரு யோசனை வந்தது.

"பல் டாக்டர் உள்ள ஆடறாருண்ணே. அவங்க வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல. உடனே சொல்லணும்."

அவர் முகம் இளகியது. வாக்கி டாக்கியை எடுத்தார். அதற்குள் அக்கா வண்டியிலிருந்து இறங்கி முன்னால் வந்தார்.

"இல்லண்ணே. அவங்க வீட்டுல எல்லாரும் நல்லாதான் கீறாங்க. தப்பு பண்ணது நானு. அவரு கையில இருக்கற குச்சி நான் ஒட்டினது, பசை புடிக்கல. அடிக்கசொல்ல தலை கழண்டு பறக்கும். பக்கத்துல நிக்கறவங்க மண்டையில பட்டா அவ்ளோதான். அவர நிறுத்தணும்."

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிடும் போலிருந்தது. கதவு திறந்துகொண்டிருந்தது, இவரே அதை மூடிவிட்டார் என்று நினைத்தேன். காவலாளி வாக்கி டாக்கியை இறக்கினார். அக்காவைப் பார்த்தார், சட்டையில் ஒட்டியிருந்த பசைக் கறையைப் பார்த்தார்.

"நீயே ஒட்டினதா?"

"நானேதான்."

அவர் இன்னொரு ஆளைக் கூப்பிட்டு வாசலில் நிற்க வைத்தார். பேட்டரி வண்டி ஒன்றில் எங்களை ஏற்றி, தானே ஓட்டினார். வீட்டில் உடம்பு சரியில்லை என்ற சேதியை வாக்கி டாக்கியில் உள்ளே சொல்லியிருந்தால், யாராவது ஒரு ஆளை அனுப்பி, அந்த ஆள் ஆட்டம் முடியட்டும் என்று மரத்தடியில் நின்றிருப்பார் என்று அவர் போகும்போதே சொன்னார். ஆடுகிறவர்களை நடுவில் தொந்தரவு செய்யக்கூடாதாம்.

எட்டாவது குழிக்கு அடிக்கிற இடத்தில் அவர்களைப் பார்த்தோம். நான்கு பேர் ஆட்டக்காரர்கள், பையைச் சுமக்கிறவர்கள் இரண்டு பேர். டாக்டர் பந்துக்கு மேல் குனிந்து நின்றிருந்தார். கையில் இரும்பு மட்டை. அவருக்கு வலப்பக்கம், பத்தடி தள்ளி, பை சுமக்கிற ஒருவர் வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். டாக்டர் மட்டையைப் பின்னால் கொண்டுபோகத் தொடங்கினார்.

காவலாளி விசிலை ஊதினார். அந்த மைதானத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லை போலிருக்கிறது. எல்லாரும் திரும்பினார்கள். டாக்டர் மட்டையைப் பாதியில் நிறுத்தி, கோபத்தோடு எங்களைப் பார்த்தார்.

அக்கா இறங்கிப் புல்லில் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"டாக்டர், அத்தக் குடுங்க."

அவர் ஏன் என்று கேட்காமல் கொடுத்துவிட்டார். அக்கா தண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி அது ஒரு சுற்றுச் சுற்றிக் கையோடு வந்துவிட்டது. உள்ளே பசை, மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி இழுபட்டது.

பை சுமந்தவர் அந்தத் தலையைப் பார்த்தார், தான் நின்ற இடத்தைப் பார்த்தார், மெதுவாகப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"காலைலேர்ந்து இதுல ரெண்டு தடவை அடிச்சிருக்கேன்," என்றார் டாக்டர்.

"தப்பு என்னுது டாக்டர். பசை கலக்கறதுல எட தப்பாப் போச்சு. மத்ததையும் தொடாதீங்க."

"எடை பாக்கற மெஷின்ல பேட்டரி போயிடுச்சு, அதனாலதான்," என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"பேட்டரி பாக்க வேண்டியது நானு," என்றார் அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமல். பிறகு உட்கார்ந்திருந்தவரிடம் போய்க் குனிந்து, "ஒண்ணும் படலயே நைனா?" என்று கேட்டார். அவர் இல்லை என்று தலையாட்டினார். அக்கா அவர் தோளையும் தலையையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பட்டிருக்க வழியே இல்லை, இருந்தாலும் பார்த்தார்.

டாக்டர் கழன்ற தலையை வாங்கி உள்ளே இருந்த பசையைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நானும் தினம் பசை கலக்கறவன்தான்மா," என்றார் கடைசியில். "பல்லுல ஒட்டறதுக்கு. இப்படி ஒண்ணு ஆச்சுன்னா நான் போன் பண்ணுவேனா, பேசாம இருந்துடுவேனான்னு எனக்கே தெரியல."

இரும்பு மட்டைகள் மொத்தத்தையும் உருவி எங்களிடம் கொடுத்தார். மீதி ஆட்டத்தை இரண்டு மரத்தலை மட்டையும் ஒரு பட்டரும் வைத்துக்கொண்டு ஆடினார். கடைசியாக வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதை அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாராம்.

ஸ்கூட்டரைப் பட்டறையில் விட்டுவிட்டு ஒரு ஆட்டோ பிடித்தோம். ஏழு பேரின் மட்டைகளையும் அன்றே திரும்ப எடுத்துவிட வேண்டும் என்றார் அக்கா. போன் செய்தாயிற்றே, அவர்களே கொண்டுவருவார்கள் என்றேன்.

"வீட்டுல யாராவது தெரியாம எடுத்து வீசிட்டா?"

அடையாறில் ஒருவர் வாசலில் நிற்க வைத்தே ஐந்து நிமிடம் கத்தினார். அக்கா கேட்டுக்கொண்டார். அடுத்த வீட்டில் இட்லி சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினார்கள். பெசன்ட் நகரில் ஒருவர் அதற்குள் தானே திருகிப் பார்த்து, தலை வேறு தண்டு வேறாக ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருந்தார். ஒருவர், இனிமேல் உங்களிடம் வரமாட்டேன் என்று நேராகவே சொன்னார். "சரிங்க," என்றார் அக்கா, "ஒட்டி மட்டும் குடுத்துட்றேன், அப்பால வேற எடத்துல காட்டிக்கங்க." எல்லா இடத்திலும் அதே இரண்டு வாக்கியம்: தப்பு என்னுது, பசை கலக்கறதுல எட தப்பாப் போச்சு. கடைசியாக மயிலாப்பூரில் அம்மா வீட்டுக்கு வந்து என் டிரைவர் மட்டையையும் எடுத்துக்கொண்டோம்.

ஆட்டோவில் இப்போது இடமே இல்லை. மட்டைகள் எங்கள் மடியில், காலடியில், ஆட்டோக்காரர் சீட்டின் பக்கவாட்டில். எனக்கு அப்போதுதான் பசி தெரிந்தது. அக்கா நோட்டை எடுத்து ஏழு பெயருக்கு நேராகவும் ஒவ்வொன்றாக டிக் போட்டார். இரண்டு தடவை எண்ணினார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல," என்றார்.

"ஒண்ணும் ஆவலக்கா."

"ஒருத்தருக்கும்."

"ஒருத்தருக்கும் இல்ல."

லஸ் முனையில் திரும்புவதற்குள் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணாடி நாடாவோடு நெற்றிக்கு ஏறியிருந்தது. பள்ளத்தில் வண்டி குதித்தபோது அவர் தலை என் இடது தோளில் வந்து சாய்ந்தது. நான் அசையாமல் உட்கார்ந்தேன். அந்தக் கைதான் எப்போதும் மடங்கியே இருக்கும். அவர் கன்னத்துக்குக் கீழே கொண்டுவந்து தாங்கச் சிரமமே இல்லை.

"அம்மாவுக்கு மயக்கமா?" என்று ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "ஆஸ்பத்திரி பக்கம் வுடவா?"

"இல்லண்ணே. தூக்கம்தான்."

பட்டறைச் சந்துக்குள் வண்டி நுழைந்து நின்றது. எழுப்ப மனசு வரவில்லை. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, காலைத் தூக்கிக் குறுக்குக் கம்பியில் வைத்துக்கொண்டு, தினத்தாளைச் சத்தம் வராமல் பிரித்தார்.